பல் பட்ட கட்டைகள்

'நொட்டையார்' என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் தொழிற்சாலைப் பெண்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சலவை இயந்திரங்களுக்குத் திருகு குமிழ் செய்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலை அது. அச்சிலிருந்து சூடு ஆறாமல் வந்து விழும் குமிழ்களைக் குழல்விளக்கின் அடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கீறல், குழி, பிசிறு உள்ளதையெல்லாம் சிவப்புத் தொட்டியில் தள்ளுவது அவருடைய வேலை. இருபத்துநாலு வருஷமாக அதே நாற்காலி. மற்றவர்கள் மணி அடித்ததும் கண்ணைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் அந்தக் கண்ணோடேயே போவார். பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பொத்தான் ஒன்று மாறியிருந்தால் சொல்லாமல் இறங்க மாட்டார். கல்யாணப் பேச்சு வந்த இடத்திலெல்லாம் ஏதோ ஒரு குறை கண்டுபிடித்தார். நாற்பதைத் தாண்டியதும் எதிர்த்தரப்பு அவரிடம் கண்டுபிடிக்க ஆரம்பித்தது. பேச்சு அதோடு நின்றது.

இந்த மனிதருக்குப் பொம்மை விளையாட்டு என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி வீடு, வண்டி கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள்தான் அவருக்கு உயிர். மாடியில் இரண்டு அறை வாடகைக்கு இருந்தார். சின்ன அறையில் அவர், பெரிய அறையில் கட்டைகள். மேலே நாலு முண்டு துருத்திய கட்டை, எட்டு முண்டுக் கட்டை, மெல்லிய தட்டை, சரிவு, வளைவு, சக்கரம், ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இழுப்பறை, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் சீட்டு. வெள்ளையிலேயே மூன்று வெள்ளைக்கு மூன்று இழுப்பறை வைத்திருந்தார். நமக்கெல்லாம் அந்த மூன்றும் ஒரே வெள்ளைதான். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், அரைமணி நேரம் போய்விடும்.

புதிதாக வாங்கிக் கட்டுவதில் அவருக்கு ருசி இல்லை. வீடு காலி செய்கிறவர்கள் மூட்டையாகக் கட்டிப் போடும் பழைய கட்டைகளை எடுத்துவந்து தேற்றுவதுதான் ருசி. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைத்து ஊறப்போடுவார். கொதிநீர் பட்டால் கட்டை கோணிக்கொள்ளும், அதனால் கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவார். பிறகு பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் முண்டு முண்டாகத் தேய்ப்பார். மஞ்சளேறிய வெள்ளையை மருந்துக்கடைப் பெராக்சைடில் போட்டு, மிதக்காமலிருக்க மேலே கண்ணாடித்துண்டு வைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மணிக்கொருதரம் போய்க் கிளறுவார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துப் பின்னறையில் இவரைப்போல ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லோருக்கும் தலை நரைத்தோ வழுக்கை விழுந்தோ இருக்கும். ரயில் மட்டுமே கட்டுகிற கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு, அவருக்கு ரயில் வாத்தியார் என்று பெயர். அங்கே ஒரு சட்டம் இருந்தது. குழந்தைகள் இரண்டு மெல்லிய தட்டைகள் ஒட்டிக்கொண்டால் விரலால் பிரிக்க மாட்டாமல் பல்லால் கடித்து இழுக்கும். அந்தத் தடம் என்ன செய்தாலும் போகாது. மஞ்சளைப் போக்கலாம், அழுக்கைப் போக்கலாம், பல் பதிந்ததைப் போக்க முடியாது. "பல் பட்டால் பாழ்" என்று சட்டம் இயற்றியவர் வேறு யார், நம் நொட்டையார்தான். ஒவ்வொருவர் வீட்டிலும் பல் பட்டதற்கென்று ஒரு கழிசல் டப்பா உண்டு. நொட்டையாருக்கு மட்டும் கூடுதல் வசதி. டப்பா நிறைந்தால் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், சிவப்புத் தொட்டிக் குமிழ்களோடு அரவை இயந்திரத்தில் போட்டுவிடுவார். பொடியாகி, கறுப்புச் சாயம் ஏறி, அடுத்த வாரம் அதுவும் குமிழாகிவிடும்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அதற்குக் காரணமும் அந்த வாய்தான்.

அக்காவுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்தவள் பாப்பா. மாமா வந்தால் பாப்பா ஒட்டிக்கொள்வாள். அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்கு நொட்டையார் ஒரு பெட்டி வாங்கிக்கொடுத்தார். வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையும் பச்சைக் கதவும் உள்ள வீடு, முந்நூற்றுப் பதினெட்டுத் துண்டுகள். படத்தில் உள்ள வீட்டைப் பாப்பா ஒருநாளும் கட்டவில்லை. கப்பல் என்பாள், யானை என்பாள், கூரையைக் கீழே போட்டுச் சுவரை மேலே வைப்பாள். பத்து மாதம் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மருத்துவமனை, ஆறாம் நாள் எல்லாம் முடிந்தது.

வீடு நிறைய ஆட்கள். அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தாள். தேற்றத் தெரியாதவன் சும்மா இருந்திருக்கலாம். இவர் போய் அக்காவின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டாம் நாளே தூக்கிட்டுப் போயிருக்கணும். நீ வீட்டுலயே வெச்சுப் பார்த்ததுதான் தப்பாப் போச்சு" என்றார். அவருக்கும் நெஞ்சு வெடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நெஞ்சு வெடித்தாலும் அவருக்குக் குறைதான் வாயில் வரும். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அத்தான்தான் எழுந்து வந்து, "நீ கிளம்பு" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து நொட்டையாருக்கு மனசு கேட்கவில்லை. அந்த மருத்துவரையே தேடிப்போய்க் கேட்டார். இரண்டாம் நாளில்லை, முதல் நாளே வந்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். இதை அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றால், தான் சொன்னது பிசகு என்று சொல்ல வேண்டும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒன்பது வருஷம் போனது.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறாள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. தலை பாதி வெளுத்திருந்தது. உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்த இழுப்பறைகளைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"பரண்ல இருந்துச்சு. மேல் வீட்டுச் சாக்கடைக் குழாய் உடைஞ்சு எல்லாம் நனைஞ்சுபோச்சு. நானே கழுவலாம்னு உக்காந்தேன். முடியலை."

டப்பாவைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. கட்டைகளின் மேல் கறுப்பாகப் பூசணம். அது பாப்பாவின் பெட்டி என்று தெரிய நொட்டையாருக்கு அந்தச் சிவப்புக் கூரைத் துண்டு ஒன்று போதுமாக இருந்தது.

"குடுக்கா. புதுசு மாதிரி ஆக்கித் தரேன்."

"புதுசெல்லாம் வேண்டாம். அழுக்கு மட்டும் போனாப் போதும்."

"நீ பாரேன்."

"அழுக்கு மட்டும் போனாப் போதும்டா."

ஒன்பது வருஷம் கழித்து அந்த 'டா' காதில் விழுந்ததும் மனிதருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. விருந்தில் போதும் போதும் என்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வைப்பதில்லையா, அப்படி எடுத்துக்கொண்டார். இந்த வேலையைப் பழுதில்லாமல் செய்து கொடுத்துவிட்டால் அக்கா திரும்பக் கிடைத்துவிடுவாள். அந்த ஒரு நினைப்பில்தான் மூன்று வாரம் வேலை நடந்தது.

கழுவினார், தேய்த்தார், மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் வைத்தார், இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து கிளறினார். முந்நூற்றுப் பதினெட்டில் ஏழு தொலைந்திருந்தன. பல் பட்டவை நாற்பத்துமூன்று. பெரும்பாலும் வெள்ளைத் தட்டைகள். அவருடைய கை சுணங்கவே இல்லை. நாற்பத்துமூன்றும் கழிசல் டப்பாவுக்குப் போயின. மாற்றுக்கு அவரிடம் இருந்த மூன்று வெள்ளையும் ஒத்துவரவில்லை. அதே வருஷத்து அதே வீட்டுப் பெட்டி ஒன்று, உறை பிரிக்காதது, அலமாரி உச்சியில் இருந்தது. நூலகத்துக் கூட்டம் முழுக்க அதன்மேல் கண்ணாக இருந்தது. யார் கேட்டும் கொடுக்காத பெட்டியை அன்றைக்கு நொட்டையார் கத்தியால் கிழித்தார். அதிலிருந்து ஐம்பது துண்டுகள் எடுத்தார். ஒரு கஞ்சன் செய்யக்கூடிய மிகப் பெரிய தானம் அதுதான். இடையில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போலக் கழிசல் டப்பாவைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் அரவையில் கொட்டிவிட்டு வந்தார். அதில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

வீட்டை முழுசாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து, பேருந்தில் மடியிலேயே தூக்கிக்கொண்டு போனார். அத்தான் கதவைத் திறந்தார், வா என்று தலையசைத்தார். அக்கா மேசையைத் துடைத்து இடம் பண்ணினாள். பெட்டியைத் திறந்ததும் அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். வெள்ளைச் சுவர் பளீரென்று இருந்தது.

"அழகா இருக்குடா."

நொட்டையார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அக்கா விரலால் சுவரைத் தடவினாள். கூரையின் ஓரத்தைத் தடவினாள். கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். குனிந்து அடித்தட்டின் விளிம்பை ஒருமுறை சுற்றி வந்தாள். திரும்பவும் சுவருக்கு வந்தாள். விரலுக்கு எதுவோ கிடைக்கவில்லை என்று தெரிந்தது.

"கடிச்சதெல்லாம் எங்கடா?"

"எது?"

"பாப்பா கடிச்சது. பல்லு பதிஞ்சு இருக்குமே, அந்தக் கட்டைங்க."

"அதெல்லாம் மாத்திட்டேன்க்கா. நாப்பத்திமூணு இருந்துச்சு. ஒண்ணு விடாம மாத்தி…" சொல்லிக்கொண்டே வந்தவருக்கு அக்காவின் முகம் தெரிந்தது. வாய் தானாக நின்றது.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ சட்டையெல்லாம் மோந்து மோந்து பார்த்தே வாசனை போயிடுச்சு. போட்டோ இருக்கு, அது வெறும் காகிதம். அவ உடம்பு பட்டு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்டா. தினமும் பரண்லேருந்து இறக்கி ஒண்ணு ரெண்டு எடுத்துத் தடவிப் பார்ப்பேன். அதுக்குத்தான் அழுக்கு மட்டும் போனாப் போதும்னேன்." கொஞ்சம் நிறுத்தி, பயந்துபோன குரலில் கேட்டாள்: "எடுத்து வெச்சிருக்கே இல்ல?"

"வெச்சிருக்கேன்க்கா. வீட்டுல இருக்கு."

அக்கா கண்ணை மூடி மூச்சு விட்டாள். "கொண்டு வந்து குடுத்துடு. இந்த வீட்டை நீயே வெச்சுக்கோ."

மறுநாள் வேலை ஆரம்பிக்கிற நேரத்துக்கு ஒருமணி நேரம் முன்பே நொட்டையார் அரவை இயந்திரத்தின் அருகில் நின்றார். அரவைக்காரர் சாவகாசமாக வந்தார்.

"போன சனிக்கிழமைக்கு முன்னாடி சனிக்கிழமை நான் கொட்டினது…"

"அது அன்னிக்கே அரைச்சாச்சே. கறுப்புல கலந்து ஓட்டி, லாரியில ஏத்தி அனுப்பியும் ஆச்சு. ஏன், ஏதாவது விழுந்துடுச்சா?"

மூலையில் மிச்சப் பொடி அரைமூட்டை இருந்தது. நொட்டையார் முழங்கைவரை கையை விட்டு அளைந்தார். மிளகு அளவு கறுப்புத் துகள்கள். பாப்பா எங்கேயோ முன்பின் தெரியாத வீடுகளில் சலவை இயந்திரத்தில் குமிழாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அதையும் அவர் கையாலேயே நல்லது, தேறியது என்று பார்த்து அனுப்பியிருக்கிறார்.

ஒன்றுகூட மிச்சமில்லை என்று போய் அக்கா காலில் விழுந்திருக்கலாம். பேருந்து நிறுத்தம்வரை போகவும் செய்தார். அந்தப் பயந்த குரல் காதிலேயே நின்றது. திரும்பிவிட்டார்.

வீட்டில் ஒரு வெள்ளைத் தட்டையை எடுத்துத் தானே கடித்துப் பார்த்தார். நாற்பத்தேழு வயசு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்து பொம்மைக் கட்டையைக் கடிக்கிற காட்சியைக் கண்ணாடியில் பார்க்க நேர்ந்தது. தடம் விழுந்தது. விளக்கின் அடியில் வைத்துத் திருப்பினார். அகலமான, தடித்த, வயசான பல். குழந்தைப் பல் இப்படி இருக்காது. தள்ளுபடி. அடுத்ததும் தள்ளுபடி. ஆறாவதில் அவருக்கே ஒரு பல் ஆட்டம் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

"உங்க கழிசல் டப்பாவைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"சின்ன பசங்க பல்லு பட்டது வேணும். வெள்ளை."

ரயில் வாத்தியார் சிரித்துவிட்டார். "பல் பட்டால் பாழ்னு எங்க எல்லாரையும் படுத்தினது நீங்கதானே ஐயா! இப்ப அதையே தேடிட்டு வரீங்க?" நொட்டையாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து கொடுத்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர்.

யார் யார் வீட்டுக் குழந்தைகளோ கடித்தவை. அவர்களெல்லாம் இப்போது வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நொட்டையார் அதிலிருந்து நாற்பத்துமூன்றைத் தேர்ந்தெடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பழுதானதாகப் பார்த்துப் பொறுக்கினார். நல்ல வெள்ளையாக இருந்ததைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கினார்.

அக்கா துணிப்பையை வாங்கி மடியில் கவிழ்த்தாள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். நொட்டையார் நின்றுகொண்டே இருந்தார். உட்காரத் தோன்றவில்லை. இப்போது சொல்லிவிடுவாள், இது பாப்பா கடித்தது இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். சொல்லிவிட மாட்டாளா என்றுகூட ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"இதோ பாரு" என்றாள் அக்கா. "ஓரத்துல பதிஞ்சிருக்கு பாத்தியா? அந்தப் பெட்டி வந்த வாரந்தான் அவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துச்சு. கடவாயாலதான் கடிப்பா. கடிக்காதடின்னு கத்துவேன், ஓடிடுவா." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அத்தான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"உக்காருடா. ஏன் நிக்கிறே?"

உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நீ சொன்னதுக்காக இத்தனை வருஷம் உன்மேல கோவமா இருந்தேன். கோவம் நீ சொன்னதால இல்ல. அது நெஜம்கறதால. ரெண்டாம் நாளே தூக்கிட்டு ஓடியிருக்கணும். ஒம்பது வருஷமா தினமும் அதையேதான் நெனச்சுட்டு இருக்கேன். நான்தான் கொன்னுட்டேன்."

நொட்டையார் பதறிப்போனார். "இல்லக்கா! அது தப்பு. நான் சொன்னது சுத்தத் தப்பு. அந்த டாக்டரையே பார்த்துக் கேட்டேன். முதல் நாளே போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னுட்டாரு. சத்தியமாக்கா!"

"எப்ப கேட்டே?"

"அடுத்த மாசமே."

"கேட்டிருந்தா அன்னிக்கே ஓடிவந்து சொல்லியிருக்க மாட்டியா?" அக்கா அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தாள், சின்னப் பிள்ளையைத் தட்டுவது போல. "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே. வேண்டாம்டா. யாரு மனசு நோகும்னாலும் உள்ளதைச் சொல்றவன் நீ. அன்னிக்கி சொன்னியே, அதான் நெஜம். உனக்குப் பொய் சொல்ல வராது."

வரும் என்று சொல்ல வேண்டும். உன் மடியில் கிடப்பது அத்தனையும் பொய்தான் என்று சொன்னால்தான், அவராலும் பொய் பேச முடியும், அன்றைக்குச் சொன்னதும் பிசகாக இருக்கலாம் என்று அக்கா நம்புவாள். கொன்ற பழியிலிருந்து அவளை எடுக்க வேறு வழி கிடையாது. அதைச் சொன்னால் மடியில் ஒன்றும் மிஞ்சாது, அக்காவும் மிஞ்ச மாட்டாள். எங்கிருந்து பார்த்தாலும் எந்த மூலையில் குறை என்று சொல்லிவிடுகிற மனிதர், தரையில் விழுந்திருந்த ஒரு கட்டையைப் பொறுக்கி அக்காவின் மடியில் போட்டார்.

அக்கா ஒரு தட்டையை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். "நீயும் தடவிப் பாரு. உன்மேல எவ்வளவு உசிரா இருந்தா. பாப்பா பல்லுதானே?"

"ஆமாக்கா" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்க எழுந்தாள்.